இழுவிசையில் நிற்கும் சக்கரம்

மாட்டுவண்டிச் சக்கரத்தையும் மிதிவண்டிச் சக்கரத்தையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை என்றே தோன்றும். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் இணைக்க ஆரக்கால்கள். ஆயினும் இவை பாரம் தாங்கும் முறைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. மரச்சக்கரத்தில் அச்சின்மேல் இறங்கும் பாரம் குடத்திற்குக் கீழேயுள்ள ஆரக்காலை அழுத்துகிறது. அந்த ஆரக்கால் ஒரு தூணைப் போல நின்று பாரத்தைத் தரைக்குக் கடத்துகிறது. தூண் வளையாதிருக்க வேண்டுமாயின் அது தடித்திருக்க வேண்டும். ஆகவே மாட்டுவண்டியின் ஆரக்கால் நம் முன்கையளவு பருமனாக உள்ளது. மிதிவண்டியின் கம்பியோ 2 மி.மீ. தான். இரு விரல்களால் வளைத்துவிடலாம். அது தூணாக நிற்பது இயலாத செயல். பின் அச்சக்கரம் இருவரையும் ஒரு மூட்டை அரிசியையும் எவ்வாறு சுமக்கிறது?

இக்கேள்விக்கு விடை தெரிந்தவர்க்கே, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிற்குப் புதிய ரிம்மும் கம்பியும் மாற்றும்போது எதற்குப் பணம் செலவிடலாம், எதற்குச் செலவிட வேண்டாம் என்பது விளங்கும். வகுப்பில் படித்த மீட்சியியலும் அதிர்வியலும் இதில் இவ்வளவு பயன்படும் என்று நான் எண்ணியதில்லை.

என் சிற்றப்பா கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பயிரிடுபவர். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வரும் வழி கல்லும் வேரும் நிறைந்தது. ஹீரோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்பல்ஸ் என்னும் 150 சி.சி. வண்டியைப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டி வருகிறார். பிரேசில் நாட்டில் ஹோண்டா விற்ற பிராஸ் என்ற வண்டியின் வழியில் வந்தது இது. முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், இரண்டும் கம்பிச் சக்கரங்கள். தார்ச்சாலையிலும் காட்டுத் தடத்திலும் ஒருங்கே ஓடும் இவ்வகை வண்டியை டிரெயில் வண்டி என்பர். 1968-இல் யமஹா அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பிய டி.டி.1 என்னும் 250 சி.சி. வண்டியே இவ்வகையைப் பரவலாக்கியது எனலாம். நம் நாட்டில் இம்பல்ஸ் அதிகம் விற்கவில்லை, உற்பத்தியும் நின்றுவிட்டது. மலையில் இருப்பவர்கள் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்த வண்டியின் பின்சக்கரத்தில் ஓராண்டுக்குள் மூன்று முறை கம்பி முறிந்தது. மூன்றும் ஒரே பக்கத்தில், குடத்தை ஒட்டிய வளைவில். மூன்றாம் முறை, இரண்டு மிளகு மூட்டைகளோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கொண்டிருந்தபோது. பட்டறை ஒன்றில் ஒவ்வொரு முறையும் முறிந்த கம்பியை மட்டும் எடுத்துவிட்டு, கையில் கிடைத்த கம்பியைப் போட்டுக் கொடுத்தார்கள். ரிம்மிலும் நிப்பிள் ஓட்டைகளைச் சுற்றித் துரு ஏறியிருந்தது. இனி முழுவதையும் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. உடனே ஆளுக்கொரு யோசனை. தடித்த கம்பி போடு என்றார் ஒருவர். அலுமினிய ரிம் போட்டால் வண்டி பறக்கும் என்றார் மற்றொருவர். குரோம் பூசிய பளபளப்பான கம்பிதான் உறுதி என்றார் இன்னொருவர்.

கம்பிச் சக்கரத்தின் இரகசியம் இதுதான்: அதன் கம்பிகள் அனைத்தும், வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும், இழுபட்ட நிலையிலேயே இருக்கின்றன. வானூர்தி செய்ய முயன்ற ஆங்கிலேயரான ஜார்ஜ் கேலி, எடை குறைந்த சக்கரம் தேவைப்பட்டதால் 1808-இல் இழுவிசைச் சக்கரத்தைச் சிந்தித்து வரைந்து வைத்தார். கம்பிகளைக் குடத்தின் மையத்தை நோக்கி நேராக வைக்காமல் தொடுகோடாக, ஒன்றையொன்று குறுக்கிட வைக்கும் முறைக்கு 1874-இல் காவன்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்றார். சங்கிலி குடத்தைச் சுழற்றும்போது தொடுகோட்டுக் கம்பிகளில் பாதி இறுகியும் பாதி சற்றுத் தளர்ந்தும் அச்சுழற்சியை ரிம்முக்குக் கொண்டு செல்கின்றன. பிரேக் பிடிக்கும்போது இது தலைகீழாகிறது.

பாரம் ஏறும்போது என்ன நிகழ்கிறது? குடம் மேலேயுள்ள கம்பிகளில் தொங்குகிறது என்றே பலரும் கூறுவர். நானும் முதலில் அப்படித்தான் கேள்விப்பட்டேன். உண்மையில் மேற்கம்பிகளின் இழுவிசை ஏறக்குறைய மாறுவதில்லை. தரையை ஒட்டிய சில கம்பிகள் மட்டும் தம் இழுவிசையில் ஒரு பகுதியை இழக்கின்றன. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியாளர் 1981-இல் வெளிவந்த 'தி பைசைக்கிள் வீல்' என்ற தம் நூலில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். முன்னரே இழுத்து வைத்த கம்பியில் இழுவிசை குறைவதும், இழுக்காத தூணில் அழுத்தம் ஏறுவதும் கணக்கில் ஒன்றே. பாலங்களில் பயன்படும் முன்தகைவுக் கான்கிரீட்டும் இதே தத்துவம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கம்பியில் முன்கூட்டியே ஏற்றிய இழுவிசை, பாரம் குறைக்கக்கூடிய அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையேல் கம்பி தொய்ந்துவிடும்; தொய்ந்த கம்பி எதையும் தாங்காது.

இப்பொழுது முறிவுக்கு வருவோம். பின் டயரின் அளவு 110/90-17. இதிலிருந்து டயரின் விட்டம் ஏறத்தாழ 630 மி.மீ. என்றும், ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஓடும் தூரம் ஏறத்தாழ 2 மீட்டர் என்றும் கிடைக்கிறது. அதாவது கிலோமீட்டருக்கு 500 சுற்று. 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் 50 இலட்சம் முறை தளர்ந்து இறுகுகிறது. ஒரே தடவையில் முறியாத உலோகம், சிறு விசை பலமுறை மாறி மாறி வரும்போது முறியும் என்பதை இரயில் அச்சுகளைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர். இதனை உலோகச் சோர்வு என்கிறோம். நன்றாக இறுகிய கம்பியின் கழுத்து குடத்தின் ஓட்டையில் அசையாமல் அமர்ந்திருக்கும். தொய்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டைக்குள் ஆடும். கழுத்து வளைந்து நிமிரும். ஆகவே, இறுக்கம் மிகுந்ததால் கம்பி முறிந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் தவறு. முறிவது தொய்ந்த கம்பியே.

தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடாதா? இங்கே யங் குணகத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8-ஆம் எண் கம்பியின் விட்டம் 4.06 மி.மீ.; 10-ஆம் எண் 3.25 மி.மீ. இரண்டும் 180 மி.மீ. நீளம் என்றும், ஒவ்வொன்றிலும் 1500 நியூட்டன் இழுவிசை என்றும் கொள்வோம். எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2 இலட்சம் நியூட்டன். தடித்த கம்பி நீள்வது 0.10 மி.மீ.; மெல்லிய கம்பி நீள்வது 0.16 மி.மீ. புதிதாகக் கோத்த சக்கரத்தில் நிப்பிள் தன் இருக்கையில் அழுந்தி, பூச்சு நசுங்கி, 0.1 மி.மீ. இறங்குவது மிக எளிது. அவ்வளவு இறங்கினால் தடித்த கம்பியில் இழுவிசை முழுவதும் போய்விடும். மெல்லிய கம்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சியிருக்கும். தடித்த கம்பிச் சக்கரத்தை அடிக்கடி முறுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. நல்ல கம்பி செய்வோர் கழுத்தில் தடிப்பாகவும் நடுவில் மெலிந்தும் கம்பியை இழுக்கிறார்கள். வளைவு வரும் இடத்தில் உறுதி, நடுவில் நீட்சி என இரண்டும் கிடைக்கின்றன. எங்கள் பின்சக்கரத்தின் கோளாறும் இதனால் விளங்கிற்று. மெல்லிய கம்பிகளுக்கு நடுவே பட்டறையில் தடித்த கம்பிகள் சிலவற்றைக் கலந்திருந்தார்கள். அவை முதலில் தொய்ந்தன. அவற்றின் பங்குப் பாரம் அடுத்த கம்பிகளின் தலையில் விழுந்தது.

குரோம் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உறுதிமிக்க எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையதாக்கக் கூடும். கண்ணாடிபோல் மின்னும் கம்பி கண்காட்சிக்கு நல்லது. துத்தநாகம் பூசியதோ, துருப்பிடிக்காத எஃகோ போதும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கு அதே எஃகில் நிப்பிள் போட்டால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நிக்கல் பூசிய பித்தளை நிப்பிளே ஏற்றது. மரையும் வெட்டியதாக இல்லாமல் உருட்டி எடுத்ததாக இருப்பது நல்லது.

ரிம்முக்கு வருவோம். எஃகின் அடர்த்தி 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. இதனைப் பார்த்துவிட்டு எடை மூன்றில் ஒன்றாகிவிடும் என்று எண்ணலாகாது. அலுமினியத்தின் யங் குணகமும் எஃகினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அலுமினிய ரிம்மைத் தடிப்பாகவே செய்ய வேண்டும். ஒரு ரிம்முக்கு 700 கிராம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளும் வளையத்தில் நேர்கோட்டு இயக்க ஆற்றலும் சுழற்சி இயக்க ஆற்றலும் சமம். எனவே அது வண்டியிலிருந்து 1.4 கிலோகிராம் இறக்கியதற்கு ஒப்பாகும். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோகிராம் எனில் இது நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. வண்டி பறக்கும் என்பது விற்பவரின் பேச்சு. உண்மையான இலாபம் வேறு. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை குறைந்தால் சக்கரம் கல்லின்மேல் ஏறியவுடன் விரைந்து தரைக்குத் திரும்பும், பிடிப்பு விடாது. துருவும் ஏறாது. ஜப்பானின் தகாசாகோ நிறுவனம் எக்செல் என்ற பெயரிலும், டைடோ கோக்யோ நிறுவனம் டி.ஐ.டி. என்ற பெயரிலும் செய்யும் அலுமினிய ரிம்களை உலகெங்கும் பழைய டிரெயில் வண்டிக்காரர்கள் விரும்பி வாங்குவது இதனால்தான். மறுபுறம், எஃகு ரிம் கல்லில் மோதினால் நசுங்கும். அதைச் சுத்தியால் தட்டி ஓரளவு நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். அலுமினியக் கலவை எளிதில் நசுங்காது. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் விரிசல் விடும். மலைமேல் இந்த வேற்றுமை சிறியதன்று.

விலையைவிட முக்கியமானது பொருத்தம். முதலில் ஓட்டைகளின் எண்ணிக்கை. 36 ஓட்டையுள்ள குடத்திற்கு, பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வழக்கமாயிருந்த 40 ஓட்டை ரிம் உதவாது. அடுத்து அகலம். டபிள்யூ.எம்.2 என்றால் 1.85 அங்குலம், டபிள்யூ.எம்.3 என்றால் 2.15 அங்குலம்; இவை ரிம்மின் வெளி அகலமல்ல, டயரின் ஓரங்கள் அமரும் உள் இடைவெளி. இவ்விரண்டையும் யாரும் சரிபார்த்துவிடுவர். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ரிம்மில் நிப்பிள் அமரும் ஒவ்வொரு குழியும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் அழுத்தித் துளைக்கப்பட்டுள்ளது. டிரம் பிரேக் கொண்ட பெரிய குடத்திலிருந்து வரும் கம்பி ஒரு கோணத்திலும், டிஸ்க் பிரேக்குக்கான சிறு குடத்திலிருந்து வரும் கம்பி வேறொரு கோணத்திலும் ரிம்மை அடைகின்றன. சாய்வு பொருந்தாவிடில் கம்பி நிப்பிளை விட்டு வெளிவரும் இடத்தில் சற்று வளைந்து நிற்கும். அங்கே மரையும் இருக்கிறது. மரையின் பள்ளத்தில் தகைவு குவிகிறது. கழுத்துக்கு அடுத்தபடியாகக் கம்பி முறிவது அவ்விடத்தில்தான். எங்களுக்குக் காட்டிய 17 அங்குல அலுமினிய ரிம் டிஸ்க் குடத்திற்காகத் துளைக்கப்பட்டது. இம்பல்ஸின் பின்சக்கரமோ டிரம். கம்பியை நிப்பிளில் மாட்டி விரலால் பிடித்துப் பார்த்தால், அது தானாகவே குடத்து ஓட்டையை நோக்க வேண்டும். அந்த ரிம்மில் அது எங்கோ பார்த்தது. சிற்றப்பா விலை கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்சக்கரத்திற்குப் பழைய அளவும் பழைய துளையும் கொண்ட புது எஃகு ரிம்; கம்பிகள் 36-ம் புதியவை, ஒரே தடிப்பு. மிச்சப் பணம் முன்சக்கரத்தின் அலுமினிய ரிம்முக்கு என்று ஒதுக்கினோம். மூட்டைப் பாரம் பின்னால்; பிடிப்பு வேண்டியது முன்னால்.

மலையடிவாரத்தில் நெடுங்காலமாக மிதிவண்டிக்கும் புல்லட்டுக்கும் கோட்டம் எடுத்துவரும் பெரியவர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். போக்ஸ் கம்பியைப் பிரிக்குமுன் அவர் குடத்தின் மேல் ஒரு நேர்கோலை வைத்து, ரிம் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று சுவரில் கரியால் எழுதினார். குடத்தின் நடுவும் ரிம்மின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவு போய்விட்டால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் நேரில் ஓடாது. உள்ளிருந்து வெளியே வரும் கம்பியும் வெளியிலிருந்து உள்ளே வரும் கம்பியும் கழுத்தின் வளைவில் வேறுபட்டவை. அவற்றை இரு கட்டுகளாகப் பிரித்து வைத்தார். மரைகளில் எண்ணெய் தொட்டு, முதலில் உட்கம்பிகளையும் பிறகு வெளிக்கம்பிகளையும் கோத்தார். முறுக்கும்போது அடுத்தடுத்த கம்பியை முறுக்காமல் 1, 4, 7 என்று இரண்டு விட்டு ஒன்றாகச் சென்று, மூன்று சுற்றில் முடித்தார். ஜப்பானியக் கையேடுகள் ரிம்மின் ஆட்டத்திற்கு மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் 2 மி.மீ. வரை எல்லை தருகின்றன. பெரியவர் அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார்.

வேலை முடிந்தது என்று எண்ணினேன். அவர் திருப்புளியின் கைப்பிடியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டத் தொடங்கினார்.

"கோட்டம் போயிருச்சுங்களே, இன்னும் எதுக்குங்க தட்டறீங்க?" என்றேன்.

"கோட்டம் போறது கண்ணுக்குங்க தம்பி. ரெண்டு கம்பிய ஓவரா இழுத்து ரெண்டைத் தொங்க விட்டாலும் ரிம்மு நேராத்தான் நிக்கும். பாரம் ஏத்துனாத்தான் தெரியும்."

"எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் போடணுங்களா?"

"இந்தப் பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரு சத்தம், அந்தப் பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரு சத்தம். ரெண்டையும் கலக்கக் கூடாதுங்க."

முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் சுரமானியில் நாம் செய்த சோதனையன்றோ இது! நீளமும் தடிப்பும் மாறாதபோது அதிர்வெண் இழுவிசையின் இருபடி மூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு கம்பியின் அதிர்வெண் நூற்றுக்குப் பத்து குறைந்தால் இழுவிசை நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்திருக்கிறது என்று பொருள். சுரமானிக் கம்பி மெல்லியது. ஆரக்கம்பியோ தடித்தது, குட்டையானது. இழுவிசையே இல்லாவிடினும் தன் விறைப்பால் அது ஓரளவு ஒலிக்கும். எனவே சுருதி பத்து பங்கு இறங்கினால் இழுவிசையின் குறைவு பத்தொன்பதைவிட அதிகமே. அதனால் இந்தச் சோதனை இழுவிசை இத்தனை நியூட்டன் என்று சொல்லாது. எந்தக் கம்பி தன் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்பதைத் தவறாமல் சொல்லும். இரு பக்கங்களிலும் கம்பியின் சாய்வு வேறு, ஆகவே இழுவிசையும் வேறு. பெரியவர் கலக்கக் கூடாது என்றது இதனால்தான்.

36 கம்பிகளில் 5 கம்பிகள் மந்தமாக ஒலித்தன. ரிம்மோ கண்ணுக்கு நேராகவே சுழன்றது. அந்த ஐந்தை அரைக்கால் சுற்று முறுக்கி, அவற்றின் அண்டைக் கம்பிகளைச் சிறிது தளர்த்தி, மறுபடி ஆட்டம் பார்த்தார். பிறகு குறுக்கிடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் சேர்த்து அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வந்தார். நிப்பிள்கள் இருக்கையில் அமரும் 'கிளுக்' ஒலி கேட்டது. தட்டிப் பார்த்தால் எல்லாச் சுருதியும் சற்று இறங்கியிருந்தது. மேலே கணக்கிட்ட 0.1 மி.மீ. இதுதான். சாலையில் இறங்க வேண்டியதை மேசைமேலேயே இறக்கிவிடுகிறார்! மீண்டும் முறுக்கு, மீண்டும் அழுத்தல். மூன்று முறைக்குப் பிறகே சுருதி நிலைத்தது. நிப்பிளுக்கு மேல் நீண்ட கம்பி முனைகளை அரத்தால் தேய்த்து, டியூபைக் குத்தாதிருக்க ரப்பர் பட்டையைச் சுற்றிவிட்டுத்தான் டயரைத் தொட்டார். மொத்தம் ஒரு பகல் பொழுது. பட்டறைகளில் கோட்டம் போனதும் வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சிய பாதி வேலைக்கு யாரும் கூலி கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

100 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொன்னார். அப்போது 4 நிப்பிள்களுக்கு மட்டும் சிறு திருப்பம் தேவைப்பட்டது. 1000 கிலோமீட்டரில் ஒன்றுக்கும் இல்லை. அன்று முதல் சிற்றப்பா மூட்டை ஏற்றும் நாள்களில் காலையில் ஒரு சிறு ஸ்பானரால் பின்சக்கரத்தைத் தட்டிச் சுற்றி வருகிறார். இரண்டு நிமிட வேலை. இரண்டு மிளகு அறுவடைகள் ஆகிவிட்டன. கம்பி எதுவும் முறியவில்லை. முன்சக்கரத்தின் அலுமினிய ரிம் இன்னும் வாங்கவில்லை. 19 அங்குலத்தில் சரியான சாய்வில் துளைத்ததாகக் கிடைக்கும்வரை பழைய எஃகு ரிம்மின் துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.